பொய் சொல்லும் இடம்

அவருடைய பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'தேன் சார்' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு கட்டுமான நிறுவனத்துக்காக அடுக்குமாடி வீடுகளை விற்பது அவர் வேலை. வெயில் முகத்தில் அறைகிற மேற்குப் பக்க வீட்டைக் காட்டி, "சாயங்கால வெளிச்சம் இப்படி வீட்டுக்குள்ள வர்றதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்" என்பார். சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும். "பாத்தீங்களா, ஒருத்தரும் எட்டிப் பாக்க முடியாது" என்பார். வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டே போய்க் கையெழுத்துப் போடுவார்கள். அவர் புளுகுகிறார் என்று தெரிந்தவர்களுக்குக்கூட அவர் புளுகக் கேட்பது பிடித்திருந்தது.

அவர் மனைவி அப்படியே எதிர்ப்பக்கம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கூரைமேல் பலகை மாட்டிய சின்னக் காரில், பக்கத்து இருக்கைக்கும் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பகுதியில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பலர் அவளிடம் திட்டு வாங்கித்தான் அதை வாங்கினார்கள். "நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிறது, குழந்தைக்குக் காய்ச்சல் பாக்கிற மாதிரி இருக்கு. பயப்படாம பிடிங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். எல்லோருக்கும் அவள் டீச்சர்.

ஒரு நாள் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்துக்குத் தேன் சார் ஆட்களை அழைத்துப் போனார். தலைக்கவசம் போட்டால் வாரிய முடி அமுங்கிவிடும் என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். மேலே சாரத்தில் இருந்த பலகை ஒன்று நழுவியது. சரியாக நெற்றிக்கு மேலே விழுந்தது.

பிழைத்ததே பெரிது என்றார்கள். ஆனால் அவர் நன்றாகவே பிழைத்தார். பேச்சு வந்தது, நடை வந்தது, மகளின் பிறந்தநாள் ஞாபகம் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் போயிருந்தது. அது போனதே கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதில் முதலில் மாட்டியவர் அவருடைய முதலாளி. ஆஸ்பத்திரிக்கு வந்தவர் கட்டிலருகே நின்று, "சீக்கிரம் வாங்க தேன், நீங்க இல்லாம ஆபீஸே களையிழந்து கிடக்கு" என்றார்.

"சும்மா சொல்றீங்க சார்" என்றார் தேன். "என் நாற்காலிக்கு இந்நேரம் வேற ஆளைப் போட்டிருப்பீங்க. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

முதலாளி சிரித்துப் பார்த்தார். பிறகு மருந்து மயக்கம் போலிருக்கிறது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, கொண்டுவந்த பழக்கூடையைக் கீழே வைக்க மறந்து கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு மருந்தும் இல்லை, மயக்கமும் இல்லை. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. மாடி வீட்டுப் பெண் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, யாரைப் போல இருக்கிறது என்று கேட்டாள். "யாரை மாதிரியும் இல்ல. கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கு" என்றார். மகள் பள்ளி விழாவுக்காகப் பாடிக் காட்டினாள். "நடுவுல சுருதி போச்சு. போனது திரும்பி வரவே இல்ல" என்றார். மகள் ஒரு மணி நேரம் அழுதாள். மறுநாள் திரும்பவும் வந்து, "இப்ப கேளுப்பா" என்று முதலிலிருந்து பாடினாள். "பரவாயில்ல, இப்ப கடைசியிலதான் போகுது" என்றார் அவர். அதற்கு அவள் குதித்த குதி, அவர் முன்பெல்லாம் அள்ளி வீசிய 'அபாரம்', 'அற்புதம்' எதற்கும் குதித்ததில்லை.

மறுபரிசோதனைக்குப் போனபோது டீச்சர் இதையெல்லாம் மூளை மருத்துவரிடம் சொன்னாள். அந்த அம்மாள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்துத் தேனிடம் கொடுத்தார்.

"இதை ஒரு கையில மூடி வச்சுக்குங்க சார். எந்தக் கையில இருக்குன்னு நான் கேப்பேன். நீங்க என்னை ஏமாத்தணும். சின்னப் பிள்ளைங்க விளையாட்டுதான்."

தேன் பொத்தானை வலது கையில் மூடிக்கொண்டார்.

"எதுல இருக்கு?"

"இடது..." என்று தொடங்கினார். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "இடது கையில... இல்ல, வலதுல. வலதுலதான் இருக்கு டாக்டர்." கையை விரித்துக் காட்டினார். மேல் உதட்டில் வியர்வை. மருத்துவர் திரும்பச் செய்யச் சொன்னார். மறுபடியும் அதே கதைதான். ஊரில் பாதியை விற்ற மனிதரால் ஒரு பொத்தானை ஒளிக்க முடியவில்லை.

"பொய் சொல்றது லேசான வேலை இல்லீங்க" என்றார் மருத்துவர். "உண்மையை ஒரு கையால அமுக்கிப் பிடிக்கணும். இன்னொரு கையால புதுசா ஒண்ணைக் கட்டணும். எதிர்ல இருக்கிறவர் நம்புறாரான்னு முகத்தைப் படிக்கணும். நேத்து சொன்னதோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும். இதுல முக்கால்வாசிச் சுமையைத் தூக்குறது நெத்திக்குப் பின்னாடி இருக்கிற பகுதி. அடிபட்டது அங்கதான். எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்ல. இவருக்கு ஆயிருக்கு."

"இவ்வளவு கஷ்டமான வேலையை இத்தனை வருஷமா சிரிச்சுக்கிட்டே செஞ்சாரே" என்றாள் டீச்சர்.

"பழகிடும். முதல் பொய்க்கு உள்ள ஒரு பதைப்பு இருக்கும். சொல்லச் சொல்ல அந்தப் பதைப்பு குறைஞ்சுகிட்டே போறதை ஸ்கேன்லயே பாத்திருக்காங்க."

"ஆமாமா" என்றார் தேன், வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோல. "முதல் வீடு வித்தப்போ ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. அப்புறம் நல்லா இறங்குச்சு."

இதோடு நின்றிருந்தால் அக்கம்பக்கத்தில் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். லிஃப்டில்தான் விஷயம் முற்றியது.

அவர்கள் குடியிருந்ததும் தேன் சாரே விற்ற கட்டடத்தில்தான். நிறுவனம் சலுகையில் கொடுத்த வீடு. அன்று காலை கணவனும் மனைவியும் கீழே இறங்க லிஃப்டில் ஏறினார்கள். உள்ளே குடியிருப்போர் சங்கச் செயலாளரும், மேல்தளத்துத் தம்பதியும், வீடு பார்க்க வந்த ஓர் ஆளும் இருந்தார்கள். செயலாளர் அந்த ஆளிடம், "இந்தப் பக்கத்துலயே இவ்வளவு உறுதியான கட்டடம் கிடையாது. என்ன தேன் சார்?" என்று கேட்டார்.

"உறுதின்னு நான் சொன்னது பொய்" என்றார் தேன். "கீழ் அடித்தளத்துல, தண்ணி மோட்டார் அறைக்குப் பக்கத்துத் தூண்ல விரிசல் இருக்கு. பெரிய விரிசல். உள்ள கம்பி தெரிஞ்சுது. எங்க கம்பெனி மேலாளர் மூடச் சொன்னார். நான்தான் ஆள் கூட்டிட்டு வந்து பூச வச்சேன். செயலாளர் சார், நீங்க வீடு பாக்க வந்த அன்னிக்கு அந்தத் தூணோரமா ஒரு பெரிய பூந்தொட்டி இருந்துச்சே, அதை நான்தான் தூக்கி வச்சேன். இடுப்புப் பிடிச்சுக்கிச்சு."

லிஃப்ட் தரைத்தளத்தில் நின்று கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டது.

வீட்டுக்குள் வந்ததும் டீச்சர் கதவைத் தாழிட்டாள்.

"இத்தனை நாள் ஏன் என்கிட்ட சொல்லல?"

"யாரும் கட்டடத்தைப் பத்திப் பேச்சே எடுக்கல."

"நாமளும் இதே கட்டடத்துலதான குடியிருக்கோம். நம்ம பொண்ணு இங்கதான தூங்குது."

"விழாதுன்னு நெனச்சேன். நெனச்சு நெனச்சு நம்பிட்டேன்" என்றார். "நான் சொல்றதை நானே நம்புறது எனக்கு எப்பவும் சுலபமா வரும்."

அன்று மாலைக்குள் பேச்சு எல்லாத் தளங்களுக்கும் ஏறிவிட்டது. டீச்சர் எதிர்பார்த்தது, எல்லோரும் அடித்தளத்துக்கு ஓடுவார்கள் என்று. ஒருவரும் ஓடவில்லை. இவள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தார்கள். "உங்க வீட்டுக்காரர் வாயைக் கொஞ்சம் கட்டுங்க டீச்சர். இது வெளியில தெரிஞ்சா நாளைக்கு இந்த வீட்டை எவன் வாங்குவான்?" என்றார் செயலாளர். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் தலையாட்டினார்கள். தூணைப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். "பாத்து, ஏதாவது இருந்து தொலைச்சா?" என்று கேட்டாள் மாடி வீட்டுப் பெண். அவள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து நிறுவனத்தின் மேலாளர் வந்தார். வீட்டுக்கு வராமல், கார் கற்றுக்கொள்கிறவர் போல வந்து டீச்சரின் காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். உண்மையிலேயே அவருக்கு ஓட்டத் தெரியவில்லை. எப்போதும் டிரைவர் வைத்துக்கொண்ட மனிதர். கார் விக்கி விக்கி நகர்ந்தது.

"ஞாயிற்றுக்கிழமை சங்கத்துல கூட்டம் போட்டிருக்காங்க" என்றார். "நீங்க எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம். அடிபட்டதுல இருந்து அவர் ஏதேதோ பேசுறாருன்னு. அது பொய்கூட இல்லையே. மூளையில அடிபட்டவர்தானே."

"கிளட்சை மெதுவா விடுங்க."

"உங்களை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. பரிதாபம்தான் படுவாங்க. அவர் வேலை அப்படியே இருக்கும், வைத்தியத்தை நாங்க பாத்துக்குவோம். இல்லேன்னா... வீடும் போகும், அவரும் போலீஸ், கேஸ்னு அலைய வேண்டி வரும். தூணைப் பூசினது அவர்தானே. பொண்ணு வேற படிக்குது."

டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தாள். மேலாளரின் மூக்கு ஸ்டியரிங்கில் முட்டப் பார்த்தது.

"எதிர்ல சிவப்பு விளக்கு" என்றாள். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

அவரை இறக்கிவிட்ட பிறகு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆள் மேல் வந்த கோபத்தைவிட, அவர் சொன்னது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதுதான் அவளை உறுத்தியது. ஒரு வார்த்தை. அதுவும் முழுப்பொய் இல்லை. மகளின் அறையும், சன்னலோரம் அவள் மேசையும், அதில் ஒட்டி வைத்த படங்களும் கண்முன் வந்தன. ஒருவேளை அவர் உண்மையிலேயே உளறினால்? அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி.

மருத்துவருக்குப் போன் செய்தாள். "அவர் சொல்றது கற்பனையா இருக்க வாய்ப்பிருக்கா டாக்டர்?"

"இருக்கு" என்றார் மருத்துவர். "பொய் சொல்ல முடியாதுங்கிறது வேற, சொல்றதெல்லாம் சரிங்கிறது வேற. இப்படி அடிபட்டவங்கள்ல சிலருக்கு ஞாபகத்துல ஓட்டை விழுந்திருக்கும். அந்த ஓட்டையை, தெரியாமலே, எதையாவது வச்சு அடைச்சுக்குவாங்க. நடந்ததுன்னே நம்பிச் சொல்லுவாங்க. ஏமாத்தணும்கிற எண்ணமே இருக்காது, ஆனா நடந்தும் இருக்காது."

"அப்ப இவர் எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நானும் பரிசோதனை செய்வேன். அதுக்கு முன்னாடி நீங்களே ஒண்ணு செய்யலாம். உங்களுக்குத் தெரியாத, அவருக்கும் வேற ஒருத்தருக்கும் மட்டும் தெரிஞ்ச பழைய விஷயம் ஏதாவது கேளுங்க. அப்புறம் அந்த ஆள்கிட்ட சரிபாருங்க. ஒண்ணை வச்சு முடிவு பண்ண முடியாது. ஆனா எதுவும் தெரியாம இருக்கிறதுக்கு அது மேல்."

மறுநாள் கணவரைக் காரில் ஏற்றிக்கொண்டு, வண்டி பழக்குகிற காலி மைதானத்துக்குப் போனாள். எஞ்சினை அணைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும். எனக்குத் தெரியாம, என் விஷயத்துல வேற யார்கிட்டயாவது பொய் சொல்லியிருக்கீங்களா?"

"நிறைய. எதைச் சொல்ல?"

"பெரிசா ஒண்ணு சொல்லுங்க."

"உன் அக்கா" என்றார் உடனே. "நீ அவங்களோட பேசுறதை நிறுத்தினியே. கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறதெல்லாம் ஒரு பொழப்பான்னு உன்னைக் கேவலமாப் பேசினாங்கன்னு நான் வந்து சொன்னேன்ல. அவங்க அப்படிப் பேசல. அவங்க ஊர்ல நீ சொந்தமா டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்க ஒரு இடம் பாத்து வச்சிருந்தாங்க. முன்னாடி வண்டி திருப்பப் பெரிய காலி இடம், பின்னாடி ரெண்டு அறை, கதவுக்குப் பச்சைப் பெயிண்ட். உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. அங்க போனா நீ அங்கயே தங்கிடுவ. என் வேலை இங்க. அதனால உன்கிட்ட அப்படிச் சொன்னேன். அவங்ககிட்ட, அக்கா என் விஷயத்துல தலையிட வேண்டாம்னு நீ சொன்னதாச் சொன்னேன்."

டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவள். மகளுக்குப் பல் முளைத்ததைக்கூட முதலில் அவளுக்குத்தான் சொன்னாள். பிறகு எத்தனை வருடங்கள். அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை. அக்கா ஆபரேஷனுக்குப் போகவில்லை.

காரிலிருந்து இறங்கி, மைதானத்தின் மறுகோடிக்கு நடந்து, அங்கே நின்று போன் செய்தாள். எண் மனப்பாடமாகவே இருந்தது.

"அக்கா. நான்தான். நீ எனக்கு ஒரு இடம் பாத்தியா, ஸ்கூல் ஆரம்பிக்க?"

"இப்பதான் கேக்கத் தோணுச்சா உனக்கு" என்றாள் அக்கா.

"கதவு என்ன நிறம் அக்கா?"

"பச்சை. என்னடி கேள்வி இது? உன் வீட்டுக்காரர்கிட்டதான் எல்லாம் சொன்னேனே. முன்னாடி மைதானம் மாதிரி இடம். தலையிட வேண்டாம்னு நீதானே சொல்லியனுப்பின." குரல் உடைந்தது. "என்னை நீ மனுஷியாவே மதிக்கலைன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

இருவரும் அழுதார்கள். அப்புறம் அக்கா அவளை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

டீச்சர் காருக்குத் திரும்பியபோது அவர் அதே இருக்கையில் இருந்தார்.

"கோவமா?" என்றார்.

"ஆமா."

"நான் மன்னிப்புக் கேக்கணும். ஆனா இப்ப எனக்கு அது தோணல, பசிக்குது. தோணும்போது கேக்குறேன்."

அவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். கூடவே இன்னொன்றும் மனதில் வந்து உட்கார்ந்தது. பச்சைக் கதவு சரி. மைதானம் சரி. இரண்டு பக்கமும் சொன்ன பொய், வார்த்தைக்கு வார்த்தை சரி. இந்த மனிதரின் ஞாபகத்தில் ஓட்டை இல்லை. அப்படியானால் தூணும் சரி.

இனி தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், தெரிந்தே சொல்வதாகும்.

கூட்டத்துக்குத் தரைத்தளக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. செயலாளருக்குப் பக்கத்தில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். தேன் சார் முதல் வரிசையில் மகளோடு. செயலாளர் தொண்டையைச் செருமி, இது ஒரு வருத்தமான விஷயம், நம் எல்லோருக்கும் வேண்டிய மனிதர், உடல்நிலை இப்படி ஆகிவிட்டது, டீச்சரே இரண்டு வார்த்தை சொல்வார் என்று உட்கார்ந்தார்.

டீச்சர் எழுந்தாள்.

"இவர் மூளையில அடிபட்டிருக்கு, அது உண்மை" என்றாள். மேலாளர் கண்ணை மூடித் தலையசைத்தார். "அதனால இவரால பொய் சொல்ல முடியாது. என்னால முடியும். உங்க எல்லாராலயும் முடியும். இங்க எழுந்து, இவர் உளறுறாருன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி மேலாளர் சார் என் கார்ல வந்து கேட்டார். சொல்ல மாட்டேன். இவர் சொன்ன வேற ஒரு விஷயத்தை நான் சரிபாத்துட்டேன். அது என் குடும்ப விஷயம், அதைக் கேட்டு என் வயிறு எரிஞ்சுது. ஆனா ஒரு எழுத்து தப்பில்ல. தூணைப் பத்தி இவர் சொல்றதையும் நான் நம்புறேன். வாங்க, கீழ போய்ப் பாக்கலாம்."

கூடம் கொதித்தது. இருந்திருந்து வாங்கிய வீடு என்றார் ஒருவர். இந்தம்மாவுக்கு என்ன, அக்கா வீடு, தங்கச்சி வீடு என்று போய்விடுவார் என்றார் இன்னொருவர். "மோட்டார் அறைச் சாவி சங்கத்துக்கிட்ட இருக்கு. தர முடியாது" என்றார் செயலாளர்.

"தூண் அறைக்கு வெளியிலதான் இருக்கு" என்றார் தேன் முதல் வரிசையிலிருந்து. "சாவி தேவையில்ல."

டீச்சர் நேரே தன் காருக்குப் போய், டிக்கியைத் திறந்து, சக்கரம் கழற்றுகிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினாள். பின்னால் கூட்டமே இறங்கியது; தடுக்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும். கீழே ஈர வாடை. வரிசையாகக் கார்கள். மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"தொடாதீங்க டீச்சர். இது பொதுச் சொத்து" என்று செயலாளர் குறுக்கே வந்தார்.

"பொதுன்னா அதுல என் பங்கும் இருக்குல்ல. என் பங்கை மட்டும் தட்டிக்கிறேன். தள்ளுங்க."

ஓங்கி ஒரு அடி. பூச்சு கொஞ்சம் சிதறியது. இன்னொன்று. உள்ளே கெட்டியான கான்கிரீட். மூன்றாவது அடியில் கைதான் அதிர்ந்தது. விரிசலும் இல்லை, கம்பியும் இல்லை. பின்னாலிருந்து ஒருவர் களுக்கென்று சிரித்தார். மேலாளர் மிகவும் கனிவான குரலில், "பாவம், விடுங்க. அவங்களும் எவ்வளவுதான் தாங்குவாங்க" என்றார்.

ஒருவேளை பச்சைக் கதவு மட்டும் உண்மையாக இருந்து, இது மட்டும் ஓட்டையை அடைத்த சங்கதியோ? கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எரிச்சலாக நின்றிருந்தார்.

"என்ன பாக்குற? இந்தப் பக்கம் யார் சொன்னா? சுவரை ஒட்டி அந்தப் பக்கம். நான் சொல்றதுக்குள்ள நீ அடிக்க ஆரம்பிச்சிட்ட. எப்பவும் முழுசாக் கேக்க மாட்ட."

மகள்தான் முதலில் சிரித்தாள். டீச்சர் தூணுக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைச் செருகினாள். கம்பியை ஓங்க இடமில்லை, முனையால் குத்தினாள். அங்கே சத்தமே வேறு மாதிரி இருந்தது, காலி டப்பாவைத் தட்டுவது போல. இன்னொரு குத்து. பூச்சு ஒரு பெரிய ஏடாகப் பெயர்ந்து அவள் காலடியில் விழுந்து நொறுங்கியது. உள்ளே சாய்வாக, அவள் முழங்கை நீளத்துக்கும் அதிகமாக, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது விரிசல். அதற்குள் துருவேறிய கம்பிகள். ஒரு கம்பியை விரலால் தொட்டாள்; செதில் செதிலாக உதிர்ந்தது.

மாடி வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் படியேறி, கட்டடத்துக்கு வெளியே தெருவில் போய் நின்றாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராக ஏறினார்கள். மேலாளர் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் சுகமாக நடக்கவில்லை. நகராட்சிப் பொறியாளர்கள் வந்து இன்னும் சில தூண்களைச் சுரண்டிப் பார்த்து, கட்டடத்தையே காலி செய்யச் சொன்னார்கள். எல்லோரும் உறவினர் வீடுகளுக்கும் வாடகை அறைகளுக்கும் சிதறினார்கள். டீச்சரின் குடும்பம் அக்கா வீட்டுக்குப் போனது. கார் கற்றுக்கொண்டிருந்தவர்கள் பலர் வகுப்பை நிறுத்திக்கொண்டார்கள். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பினார்கள். "விழவே விழாத கட்டடத்தைக் கம்பியால குத்தி இடிச்சவ" என்று அவளுக்குப் பெயர் வந்தது. அவள் கூரைப் பலகையைத் துடைத்துவிட்டு, தினமும் அக்கா ஊரிலிருந்து வந்து அதே தெருக்களில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள்.

விசாரணை அதிகாரி முன் நிறுவனத்தின் வக்கீல் தேனைக் கேட்டார். "வீடு வாங்க வந்தவங்ககிட்ட பொய் சொல்லித்தான் வித்தீங்க?"

"ஆமா."

"தூணைப் பூச ஆள் கூட்டிட்டு வந்ததும் நீங்கதான்?"

"நான்தான். அது தப்பு."

"அவ்வளவு பொய் சொன்ன ஆள் இப்ப மட்டும் உண்மை பேசுறார்னு எப்படி நம்புறது?"

"அப்ப என்னால முடிஞ்சுது" என்றார் தேன். "இப்ப முடியல."

தேனுக்காக வந்திருந்த வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்து டீச்சரை அழைத்தார்கள். உங்கள் கணவருக்கு மூளைப் பாதிப்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார் நிறுவனத்தின் வக்கீல்.

"ஒப்புக்கிறேன் சார். பொய் சொல்ற இடம் கெட்டுப்போச்சு. அது நல்லா இருக்கிறவங்கதான் பூசச் சொன்னாங்க."

மருத்துவரும் வந்து சாட்சி சொன்னார். இவர் சொல்வதெல்லாம் சரி என்று தான் சத்தியம் செய்ய முடியாது, ஏமாற்ற நினைக்கிறாரா என்றால் இல்லை என்று சொல்ல முடியும், மற்றதற்குத் தூண் இருக்கிறது என்றார். கடைசியில் நிறுவனம் தன் செலவில் தூண்களைப் பலப்படுத்தித் தர வேண்டும் என்று உத்தரவானது. மேலாளர்மேல் வழக்குத் தொடர்ந்தது. தேன்மேலும் தொடர்ந்தது. தண்டனை என்று வந்தால் வாங்கிக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். உள்ளே பயமாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னார். ஒரு நாள் அக்கா வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்று, அக்காவிடமும் தங்கையிடமும் மன்னிப்புக் கேட்டார். அக்கா உடனே மன்னித்துவிட்டாள். டீச்சர், யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

இரும்புக் கவசம் போட்ட தூண்களோடு கட்டடம் திறந்தபோது எல்லோரும் திரும்பி வந்தார்கள். முதல் வாரமே சங்கத்துக்குத் தேர்தல் அறிவிப்பு ஒட்டினார்கள். அதே கூடம். பழைய செயலாளரே பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் மேசைமுன் போய் நின்றாள்.

"செயலாளர் பதவிக்கு என் பேரை எழுதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "டீச்சர், மனசுல வச்சுக்காதீங்க. இங்க யார் உங்களுக்கு ஓட்டுப் போடுவா?"

பின்னாலிருந்து தேன் பதில் சொன்னார். "இப்ப இருக்கிற நிலைமையில யாரும் போட மாட்டாங்க. கோவமா இருக்காங்க. அவளும் யாரோடயும் பக்குவமாப் பேச மாட்டா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் போடுவேன்" என்றார்.

டீச்சர் திரும்பி அவரைப் பார்த்தாள். கூரையிலிருந்து தொங்கிய விளக்கு அவர் நெற்றித் தழும்பில் பளபளத்தது. அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்துச் செயலாளரின் கையில் திரும்ப வைத்தாள்.

"ஒரு ஓட்டு உறுதியாயிடுச்சு. எழுதுங்க சார்."